பெரியப்பாவின் தேதி

18.01.2025, பதுளை
ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனேன். பெரியம்மா மகள் பெரியாயி அக்காவுக்கு எண்பத்து நான்கு. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. "ஊரு சங்கதியெல்லாம் பேப்பர்ல எழுதுன. எங்கப்பா செத்த தேதி மட்டும் ஒனக்குத் தெரியல" என்றார்.

பெரியப்பா ரெங்கசாமி 1942இல், பெரகலைக்குக் கீழே நாகமலைத் தோட்டத்திலிருந்து பட்டாளத்துக் கூலிப்படைக்குப் போனவர். பிறகு தகவல் இல்லை. பெரியம்மா தனலெட்சுமி தாலியோடு காத்திருந்தே செத்தார். திதி கொடுத்ததில்லை. தான் கண்ணை மூடுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

02.02
கூலிப்படையின் பழைய சஞ்சிகை, மே 1944, இணையத்தில் கிடைத்தது. மலேரியாவில் இறந்தோர்: 'ரெங்கசாமி, நாகமலை. பெப்ரவரி 14.' தகப்பன் பெயர் இல்லை. அக்காவுக்கு உடனே போன் செய்தேன். அழுதார்.

18.02
பஞ்சாங்கப்படி அந்தத் தேதிக்கு இன்றுதான் திதி. அக்கா மகன் ஜெயரூபன் பிண்டம் வைத்தான். காகம் தாமதிக்கவில்லை. "பாரு அவசரத்த! எங்கப்பாவுக்கு அம்புட்டுப் பசி" என்று அக்கா சிரித்தார்.

05.03
நாகமலையில் பெரிய கிளாக்கராயிருந்தவரின் மகள் புஷ்பம், தகப்பனார் கட்டிவைத்த தேயிலைக் கம்பனி சஞ்சிகைகளைக் காட்டினார். பெரியப்பா படம் இருக்குமா என்றுதான் தேடினேன். ஒக்டோபர் 1946, தோட்டத் துரை ஆங்கிலத்தில் எழுதிய வேடிக்கைத் துணுக்கு. தமிழில்:

'இம்மாதம் ஒருநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒரு பேய் வந்தது. போரில் செத்த நம் ரெங்கசாமிதானாம். செத்தது மாடசாமி மகன், தான் கருப்பையா மகன் என்று சாதித்தது. இறந்தோர் பட்டியலைக் காட்டினோம். பேய்க்கு அரிசி இல்லை என்றோம். பொழுது சாயும்வரை நின்றுவிட்டுப் போயிற்று.'

கருப்பையா மகன்தான் பெரியப்பா.

அதற்கு முந்தின வருடமே பெரியம்மா குடும்பம் ஸ்பிரிங்வெளிக்கு வந்துவிட்டது. ஒருத்தன் — ஒரே ஒருத்தன் வழி சொல்லியிருக்கக் கூடாதா? நானும் அதே பட்டியலைத்தானே காட்டினேன்?

06.03
அக்காவிடம் போகவில்லை.

09.03
சொன்னேன்.
"அப்ப நா சோறு வச்சது யாருக்குடா?"
"மாடசாமின்னு ஒருத்தர் மகனுக்குக்கா."
"சரி. அவருக்கு மட்டும் யாரு வச்சிருக்கப் போறா." இருமல் நின்றதும், "எங்கப்பா எந்தப் பக்கமா போனாராம்?"
"அத எழுதலக்கா."
"வேற தேதி கொண்டாந்துறாத" என்றார்.

27.03
அதிகாலை, பதுளை ஆஸ்பத்திரியில் அக்கா போய்விட்டார். மரண அறிவித்தலை என்னையே எழுதச் சொன்னான் ஜெயரூபன்.
"தாத்தா பேருக்கு முன்னால காலஞ்சென்ற போடணும்ல மாமா?"
இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'பெரியாயி காலமானார். அன்னார் ரெங்கசாமி, காலஞ்சென்ற தனலெட்சுமி ஆகியோரின் அன்பு மகள்.'