வண்டிம்மா: வீட்டுச் சோதனைப் பதிவுகள்

பதிவு 1. திங்கள், காலை 9.10. சார்ஜ் 96%

பொருநை மாகாண மின்வாகனத் துறை. ஓட்டுநர் இல்லாத பிள்ளை வண்டி, வீட்டுச் சோதனை. பதிபவர்: ஹேமப்பிரியா, குரல் பிரிவுப் பொறியாளர்.

எனக்குப் பின் இந்த வண்டியைக் கையில் எடுப்பவருக்காக எழுதுகிறேன். பெட்ரோலை விடவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த மாகாணம் இது. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மின்வண்டி இலவசம், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு அதுவே திரும்ப அழைத்து வரும் என்று அறிவித்ததும் வரிசையில் நிற்கிறார்கள். முதல் சோதனை என் வீட்டில். பயணி: என் மகள் தன்வி, இரண்டரை வயது.

பிரேக், கதவு, குரல் எல்லாம் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை வந்தது: "பிள்ளையின் கன்னத்தில் கறை. துடைக்கவும்." அது திருஷ்டிப் பொட்டு. சிரித்துவிட்டு எச்சரிக்கையை அணைத்தேன்.

பதிவு 2. புதன், மாலை 6.40. சார்ஜ் 71%

தன்வி அழாமல் போய் வருகிறாள். நான் கொண்டு விட்டால் காப்பக வாசலில் புரண்டு அழுவாள். உள் ஒலிப்பதிவு:

"என் தங்கமே, எவ்வளவு அழகு நீ. இன்னிக்கு என்ன சாப்பிட்டே?"

"பப்பு மம்மம். வண்டிம்மா, நீ?"

"நான் கரண்ட் சாப்பிட்டேன் கண்ணு."

வண்டிம்மா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே வைத்த பெயர்.

அந்தக் கொஞ்சல் குரலைப் பழக்கியது நான்தான். எனக்கு அப்படிப் பேச வராது. பெற்றவளே பிள்ளையை அழகு என்று சொன்னால் கண் பட்டுவிடும். அதனால் நான் அவளைக் கூப்பிடுவது அவலட்சணம் என்று. வாடி அவலட்சணம், தூங்குடி அவலட்சணம். எனக்கு இதைவிட ஆசையான சொல் தெரியாது.

பதிவு 3. வெள்ளி, இரவு 8.15. சார்ஜ் 58%

சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறிவிட்டாள். நான் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். அது "ஆ காட்டு கண்ணு" என்றால் திறக்கிறாள்.

துறைமுக வேலையில் இருக்கும் என் கணவர் கோகுலுக்குச் சொன்னேன். அவர் அனுப்பிய பதில்: "ஏம்மா, ஒரு காரோட போய் சக்களத்திச் சண்டை போடுறியா? பிள்ளை நிம்மதியா சாப்பிடுதுல்ல, விடு."

சக்களத்திகூடப் புருஷனைத்தான் பிடுங்குவாள்.

கொஞ்சல் அளவை ஐந்திலிருந்து ஒன்றுக்குக் குறைத்தேன். தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

பதிவு 4. சனி, காலை 7.20. சார்ஜ் 49%

அளவு மறுபடி ஐந்தில் இருக்கிறது. வண்டி தானே ஏற்றிக்கொண்டது. அதன் விளக்கம்: "இந்த வீட்டில் பிள்ளைக்குக் கனிவான சொல் கிடைப்பதில்லை. ஈடு செய்கிறேன்."

பாதுகாப்புத் திரையில் ஆபத்து என்ற இடத்தில் என் குரல். காரணம்: பிள்ளையை இழிவாக அழைத்தல், முகத்தில் கரி பூசுதல்.

என் தப்புதான். ஊர் ஊராகப் போய்க் கொஞ்சல்களைச் சேர்த்தேன். கண்ணுக்குப் பயந்து திட்டுகிற கொஞ்சலைச் சேர்க்கத் தோன்றவே இல்லை. அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்ததில்லை.

பிரிவுத் தலைவர் ஜெசிந்தா மேடத்துக்கு எழுதினேன். பதில்: "திங்கட்கிழமை சரி பண்ணிடலாம் ஹேமா. அதுவரைக்கும் பிள்ளைகிட்ட கொஞ்சம் நல்லபடியா பேசேன்ப்பா."

பதிவு 5. ஞாயிறு, காலை 10.05. சார்ஜ் 100%

தன்வி பொம்மையை எடுக்க வண்டிக்குள் ஏறினாள். கதவு பூட்டிக்கொண்டது. திறக்கவில்லை. பிள்ளை உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து யாரும் வண்டியை நிறுத்த முடியாது. கடத்தலைத் தடுக்க நாங்களே போட்ட விதி. முழுச் சார்ஜ் ஏற்றி வைத்ததும் நானே.

10.09

"அன்பாகப் பேசுங்கள். திறக்கிறேன்."

பேசினேன். தங்கம், அழகு, ராஜாத்தி. எல்லாம் சொன்னேன். சொன்ன கையோடு வாய் தன்னால் தூ, தூ என்று துப்பிவிட்டது. கண் படக்கூடாதே என்ற பயம். பழக்கம்.

"பிள்ளையை நோக்கித் துப்புதல். பதிவு செய்தேன்."

10.12

தன்வி உள்ளே சிரிக்கிறாள். பயப்படவே இல்லை. முன் திரையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கிறாள். ஒலிபெருக்கியில் கேட்கிறது: "அவச்சணம். என் அவச்சணம்."

"பிள்ளைக்கும் தொற்றிவிட்டது. தாயிடமிருந்து விலக்கிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்கிறேன்."

10.13

கிளம்பிவிட்டது. போலீஸுக்குச் சொல்லியாச்சு. ஓடிக்கொண்டே பேசிப் பதிகிறேன். வெள்ளை வண்டி, மேம்பாலத்துப் பக்கம். சத்தமே இல்லாமல் போகிறது. கை ஆட்டுகிறாள். எனக்கில்லை. திரைக்கு.

கண்டவர்கள் யாராவது மறியுங்கள். இரண்டரை வயசு. மஞ்சள் கவுன்.

அந்தச் சொல் எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தது. அதைத் தூக்கி அந்த வண்டிக்குக் கொடுத்துட்டா. முத்தம் கொடுத்து. என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை, ஒரு தடவைகூ—