போனில பறையக் கூடாத சொல்

பனிச்சையடி,
மட்டக்களப்பு.
12.07.2009

அன்பு மகள் ஷெரிலுக்கு,

மாதா காவலில நான் சுகம், என்ட வாய் என்னவிடச் சுகம். நீயும் அந்தக் குளிருக்குள்ள மூக்கு ஒழுகாம இருக்கணும் என்டு உன்ட மம்மி ஒவ்வொரு நாளும் செபிக்கிறா. முதல்ல கோவத்த விடு புள்ள. அன்டைக்கு நீ பறைஞ்சுகொண்டிருக்கப் போனக் கட் பண்ணினது நான்தான். பின்ன என்ன கா, மெல்பேணில இருந்துகொண்டு, டடா, ஆமிய ஏமாத்துற செக்பொயின்ற் ஒன்டத்தான் நாங்க இஞ்ச உடைக்கப் பாக்கிறம் என்டு சத்தமாச் சொன்னா எந்தத் தகப்பன் கேட்டுக்கொண்டு நிப்பான்? சண்டை முடிஞ்சிட்டு என்டாங்க, கல்லடிப் பாலத்துச் சென்றி அப்படியே நிக்கு. பற்றரியக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டு, பறையாத என்டு மம்மிக்கும் விரலக் காட்டினன். அவ சிரிச்சுச் சிரிச்சு இருமினா.

மறுகா உன்ட கடிதம் வந்து, உன்ட மச்சாள் ஹெதர் வாசிச்சு விளங்கப்படுத்தினாள். நம்மட உடம்புக்குள்ளயும் ஆமி கிடக்காம், சென்றி கிடக்காம், நல்ல சதை நம்மட ஆள்தான் என்டு பாஸ் கடதாசியக் காட்டினா சுடாம விடுமாம். அந்தக் கேன்சரும் அதே பாஸ மேல ஒட்டிக்கொண்டு நிக்குமாம். ஆமி உறுக்க உறுக்க இன்னும் கூடக் காட்டுமாம். எனக்கு உடன அடுத்த வீட்டுக் கொலின்ட ஞாபகம். சுனாமியில அவன்ட அடையாள அட்டை டச்பார் கடற்கரை வீட்டோட போன பிறகு சேட்டுப் பைக்குள்ள ஒரு கட்டுக் கடதாசியோட திரிஞ்சான். சென்றில உறுக்கினா ஊர் விதானையார்ட கடிதம், இன்னும் உறுக்கினா பாதர்ட கடிதம், சுடத் துவக்கத் தூக்கினா கலியாணப் போட்டோ! ஆமிக்காரன் சிரிச்சுப்போட்டுப் போ என்டுருவான். கொலின் பாவம், நல்லவன். இது அப்பிடி இல்லயே, மம்மிட நுரையீரலுக்குள்ள இருந்து பாஸ் காட்டுது.

அதுதான் எனக்கு இருப்புக் கொள்ளுதில்ல. முத்தத்துக்கும் குசினிக்கும் நடக்கிறன், அலுமாரிக்கு எடுத்த பலகைய அளக்கிறன், மறுகா அளக்கிறன், வாள வெக்க மனம் வருதில்ல. உன்ட மருந்து அந்தப் பாஸ மறைக்கும் என்டு எழுதிருக்காய், ஆனா அது இன்னும் சோதனைலயாம், மம்மிக்குக் கிடைக்காதாம். மறைச்சா ஆமி நல்ல சதையையும் சுட்டாலும் சுடும் என்டும் கிடக்கு. அத எனக்கு ஹெதர் விளங்கப்படுத்தத் தேவல்ல, தடுக்க ஆளில்லாத துவக்க நாங்க பாத்தவங்க. என்டாலும் மகள், உன்ட பெரிய டொக்டர்மார ஒருக்காக் கெஞ்சிப் பாரன்.

இஞ்ச டொக்டர் மகரகமை கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்திருக்கார். மம்மி மாட்டனாம், பஸ்ஸால இறக்கி இறக்கிச் செக் பண்ணுவாங்களாம், அவக்கு மூச்சு இளைக்குதாம். அப்ப உன்ன இறக்காம, பழைய சாமான் என்டு சொல்லிப் பின் சீட்டில கட்டிக்கொண்டு போறன் என்டன். செருப்ப எடுத்தா. எடுத்துப்போட்டு, சரி திங்கக்கிழமை வாறன் என்டுட்டா.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, அந்தச் சோதனை எலியளோட கிடந்து நீயும் எலியாப் போகாத. மம்மிக்குப் போன் எடுத்தா வருத்தத்தப் பத்திக் கேக்காத, என்னப் பத்திக் கோள் சொல்லச் சொல்லு, அவக்கு அதுதான் சந்தோசம். டடாக்கு எந்த நேரமும் பகிடி என்டு நீ ஏசுவாய். நான் பகிடி விடாம இருந்தா அவ என்ட முகத்தப் பாத்துருவா புள்ள. மாதா உன்னத் தன்ட கைக்குள்ள வெச்சுக் காக்கட்டும். மார்கழில நத்தாருக்கு வாறன் என்டு எழுதிருக்காய். நத்தார் வரைக்கும் அங்க நிக்காத.

உன்ட டடா,
றூபெர்ட்