மூலைக் கணினியின் முதுகு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அவள் முழங்காலையும் என் இடுப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சௌகரியமாக இருக்க வேண்டும். இன்டர்நெட் கடை வைத்திருப்பவன் காகிதத்தில் எழுதுகிறானே என்று சிரிப்பாய். எனக்கு இப்போது காகிதத்தின் மேல்தான் நம்பிக்கை.

போன வாரம் அம்மா போனில் உன் பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொன்னாள் அல்லவா, ஏன் என்று நீ கேட்டதற்கு நழுவிவிட்டாள். சொல்ல எனக்குத்தான் நா எழவில்லை. மூலைக் கணினியின் கீபோர்டு மக்கர் செய்கிறதே என்று மேசைக்கடியில் புகுந்து வயரைப் பிடுங்கினேன். வயருக்கும் பெட்டிக்கும் நடுவே விரல்நுனி அளவில் ஒரு கறுப்புத் துண்டு. நான் மாட்டியதில்லை. பழுது பார்ப்பவரிடம் காட்டினால், தட்டுற எழுத்தெல்லாம் இதுல பதிவாகும் சார், எவனோ வச்சுட்டு எடுக்கக் காத்திருக்கான் என்றார். நீ விடுமுறையில் வந்தபோது உட்கார்ந்ததும் அங்கேதான். ஒருவர் எழுந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்து, அவர் விட்டுப்போனதெல்லாம் அழிந்த பிறகே அடுத்தவரை உட்கார வைப்பேன், டீ கிளாஸ் கழுவுற மாதிரி என்று நீகூடக் கேலி செய்வாய். உட்புறத்தையே கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன், பின்பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை படித்து என்ன பயன், சொல்.

நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா, மூச்சு விடாதீங்க என்றார் உன் மாமா. அம்மாவும் தலையாட்டினாள். எனக்கும் அதுதான் சுலபமாக இருந்தது. ஆனால் வழக்கமாக மூலையில் உட்காரும் நர்ஸம்மா வாசலில் போகிற போக்கில் வணக்கம் சொன்னபோது, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றே அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன், மூலைக் கணினியைப் பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளவும் என்று. கடை காற்று வாங்கியது. நர்ஸம்மா மட்டும் நேராக உள்ளே வந்து, இதை நான் அட்டையைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா, வணக்கம் சொன்னப்ப வாய்க்குப் பூட்டா போட்டிருந்தீங்க என்று பிடித்துக்கொண்டார். இப்ப எந்தக் கம்ப்யூட்டரை நம்பி உட்காரச் சொல்றீங்க என்றும் கேட்டார். மூலைப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்து, முதுகு அவர் பக்கம் வரும்படி திருப்பினேன். நீங்களே பார்த்துக்கோங்கம்மா என்றேன். ஊசி போட நரம்பு தேடுவது போல ஒவ்வொரு வயரையும் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

இப்போது எல்லாப் பெட்டிகளும் அப்படித்தான். சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி முதுகைக் காட்டிட்டு நிக்குது என்கிறாள் அம்மா. சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் எதிர்ப்பக்கமாக நடந்துபோகிறார்கள். வருகிறவர்களிலும் இவரா, அவரா என்று முகம் முகமாகச் சந்தேகப்பட்டு எனக்கே அலுத்துவிட்டது. கடையை மூடிவிடுங்கள் என்று நீ முன்பிருந்தே சொல்வது சரிதான். ஆனால் இந்தக் கெட்ட பேரோடு மூட மனம் வரவில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள், குறைவில்லாமல் வாழுங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன் என்று மட்டும் பதில் போடு, என்னவென்று எழுதாதே. அடுத்த முறை வரும்போது நீயும் பின்பக்கம் பார்த்துவிட்டு உட்கார். அப்பா கடைதானே என்று இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா