நல்ல செய்திதானே?

அன்புள்ள அத்தைக்கு,

தையல் மெஷின் முன்னாடி நான் மயங்கி விழுந்ததும், கூட வேலை செய்றவங்க, உங்க பிள்ளை, எல்லாரும் "நல்ல செய்திதானே?"ன்னு சிரிச்சாங்க.

நீங்க மட்டும் சிரிக்கலை. "நின்னு களைச்சு விழுந்தா வேற. கண்ணுகூட இருட்டாம, உட்கார்ந்த இடத்துலயே விழுந்திருக்கா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா"ன்னு போன்ல கத்தினீங்க. பேரப்பிள்ளை வேண்டாமான்னு எனக்குக் கோபம்கூட வந்துச்சு.

மாமா கடைசியா இப்படி விழுந்தப்ப, வெயில்தான்னு சொல்லி விட்டுட்டாங்களாமே. அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

எனக்கு இதயத் துடிப்பு விட்டுவிட்டு வருதுன்னு கண்டுபிடிச்சு பேஸ்மேக்கர் வெச்சாங்க. இப்ப எனக்கு வெளியே ஒரு மெஷின், உள்ளே ஒரு மெஷின். உள்ளே இருக்கறது நீங்க குடுத்தது.

நேத்து தலை சுத்துச்சு. உங்களுக்குப் பயந்து உடனே டாக்டர்கிட்ட ஓடினேன். இதயம் நல்லாயிருக்காம். எல்லாரும் அன்னைக்குச் சொன்ன காரணம்தான், அத்தை.

உங்க பிள்ளைக்கே இன்னும் தெரியாது. முதல்ல நீங்க சிரிங்க.

உங்க மருமகள்