அவர் இங்கேதான் வசிக்கிறார்

பாரோ,
இங்கிலாந்து,
4 ஆகஸ்ட் 2014

அன்புள்ள ஜூடித்துக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆறு மாதம் கழித்து வரும் கடிதத்தை நீ பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடக் கூடாதே என்றுதான் உறையின் மேல் 'அவசரம்' என்று எழுதினேன். தொலைபேசி நமக்கு ஒத்துவரவில்லை. ஐந்தாவது நிமிடம் இருவரும் கத்தத் தொடங்கிவிடுகிறோம். போன தடவை நீ வைத்தாய், அதற்கு முன்பு நான் வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் பதினெட்டு. ஸ்காட்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தே இருப்பதா, தனி நாடாவதா என்று கேட்கப்போகும் நாள். இதற்காக நான் முப்பது வருஷம் காத்திருந்தது உனக்குத் தெரியும். ஆனால் எனக்கு ஓட்டு இல்லை. சிரிக்காதே. பிப்ரவரியில் அந்த மண்டபக் கூட்டத்துக்கு மறுநாள் வீட்டை விட்டுக் கிளம்பினேனே, அன்றே ஆத்திரத்தில் வாக்காளர் பட்டியல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். 'அது இனி என் வீடு இல்லை, அங்கிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று. எதைக் கேட்டாலும் மூன்று மாதம் இழுக்கிறவர்கள், இதை மட்டும் மூன்றே நாளில் செய்து முடித்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் குடியிருப்பவனுக்கு இதில் ஓட்டு கிடையாது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்து ஸ்காட்லாந்துத் தீவில் குடியிருக்கும் உனக்கு உண்டு. கப்பல் கட்டும் துறையில் என்னோடு வெல்டிங் வேலை பார்க்கிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள். "என்னப்பா டோர்மோட், உன் நாட்டு தலையெழுத்த உன் பொண்டாட்டிதான் எழுதப்போறாளாமே!" என்கிறார்கள்.

அலுவலகத்தில் விசாரித்தேன். வீட்டில் இருப்பவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். 'அவர் இங்கேதான் வசிக்கிறார். வேலைக்காக மட்டும் வெளியே போயிருக்கிறார்.' செப்டம்பர் இரண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்தும் இருக்கிறேன்.

இந்த வருஷம் சதுப்பில் அடுப்புக்குச் சேற்றுக்கரி வெட்டியாயிற்றா? மழை அதிகம் என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
டோர்மோட்


ஹாரிஸ் தீவு,
11 ஆகஸ்ட்

டோர்மோட்,

கடிதம் கிடைத்தது. என் நலத்துக்கு ஒரு வரி, சேற்றுக்கரிக்கு ஒரு வரி, மீதி முழுக்க ஓட்டு. ரொம்ப நன்றி ஐயா.

கரி வெட்டியாயிற்று. மே மாதம் நானே மண்வெட்டியோடு இறங்கினேன். இரண்டாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பீகியும் அவள் புருஷனும் வந்தார்கள். அவள் தனி நாடு வேண்டும் என்கிறாள், அவர் வேண்டாம் என்கிறார். ஆளுக்கொரு பக்கம் நின்று ஒருத்தரை ஒருத்தர் வைதுகொண்டே மூன்று நாளில் அடுக்கி முடித்தார்கள். சாயங்காலம் இருவரும் ஒரே தட்டில் உப்பு மீனும் உருளைக்கிழங்கும் தின்றார்கள். அப்படிச் சண்டை போட எனக்கும் ஒரு ஆள் இருந்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி. இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கும் நம் பெண் எய்லி நாளைக்கு எனக்கு வெளிநாட்டுக்காரியா? அதற்கு நீ பதில் சொல்லியிருக்கலாம், தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று என்ன சொன்னாய்? "அவ பேச்ச விடுங்கப்பா. இது இந்த மண்ணுல பொறந்தவங்க முடிவு பண்ற விஷயம். இருபத்தஞ்சு வருஷம் குடியிருந்துட்டா ஊர்க்காரி ஆயிடுவாளா?" அறுபது பேர் இருந்தார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

இந்த ஊர்க்காரி இல்லாதவள்தான் உன் அம்மாவைக் கடைசி நாலு வருஷம் குளிப்பாட்டினாள். அவருக்கு இங்கிலீஷ் மறந்துபோன பிறகு அவரோடு தீவு மொழியான கேலிக்கில் பேசினாள். வந்த புதிதில், ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தி ஊரெல்லாம் திட்டு வாங்கியவள், அதற்கப்புறம் ஒரு ஞாயிறாவது கொடியில் ஒரு கைக்குட்டை போட்டிருப்பாளா? நீ அங்கே மகாராணிக்கு நீர்மூழ்கிக் கப்பல் பற்றவைத்துக்கொண்டிருக்கிறாய். உன் கொள்கை அதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறதாக்கும்!

கையெழுத்துப் போட மாட்டேன். நான் பொய் எழுதுகிறவள் இல்லை. இது உன் வீடா இல்லையா, அதை முதலில் சொல். ஓட்டுக்கு மட்டும் வீடு என்றால், அந்தத் தாளை உனக்கே திருப்பி அனுப்புகிறேன்.

ஜூடித்


பாரோ,
16 ஆகஸ்ட்

ஜூடித்துக்கு,

உனக்கு என்ன, சௌகரியம்தான். நான் பட்டியலில் இல்லையென்றால் உன் பக்கத்துக்கு ஒரு ஓட்டு லாபம். அதை நேரடியாகச் சொல்லிவிட்டுப் போகலாமே.

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய். இருக்கட்டும்.

நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் இந்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்த ஊர்த் துறைமுகத்துக்கு என்ன ஆகும் என்று ஒருவன் கேட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இருப்பா. வந்த ஆளு நீ, உனக்கென்ன தெரியும் இந்த ஊரப் பத்தி?" என்றான். அவனோடு ஆறு மாதமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு எனக்குச் சோறு ருசிக்கவில்லை.

நீ அன்று எப்படி வீடு வரை நடந்து போனாய் என்று நேற்றுதான் யோசித்தேன். காற்றும் மழையுமாக இருந்தது அன்றைக்கு. காரின் சாவி என் பையில் இருந்தது.

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்காருகிறேன். என் வீடு என்று எழுதினால் ஓட்டுக்காக எழுதுகிறான் என்பாய். இந்த மாதம் நான் என்ன சொன்னாலும் அப்படித்தான் கேட்கும். ஆகவே தாளைத் திருப்பி அனுப்பிவிடு. உன்மேல் தப்பில்லை.

இடுப்புக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கிறாயா?

டோர்மோட்


ஹாரிஸ் தீவு,
25 ஆகஸ்ட்

அன்புள்ள டோர்மோட்டுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலை நம்பவில்லை, நானே பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தேன்.

அங்கே இருந்த பெண் தாளைப் படித்துவிட்டு, "எப்ப வருவாரு?" என்று கேட்டாள். "வருவாரு" என்றேன். "ஓட்டுப் போடவா?" என்றாள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். என் ஓட்டை அடித்துப்போடப்போகிற ஓட்டுக்கு நானே போய் வரிசையில் நின்று வழிசெய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று பீகியிடம் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்து, "உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு" என்றாள். இருக்கும்.

ஏன் போட்டேன் என்று கேட்டால், அந்தச் சாவி வரிக்காக. இந்த ஆறு மாதத்தில் நீ எனக்குச் சொன்ன முதல் உண்மையான வார்த்தை அதுதான். நீ இங்கேதான் வசிக்கிறாய், டோர்மோட். காலையில் தேநீர் வைக்கும்போது இன்னும் இரண்டு பேருக்குத்தான் தண்ணீர் அளக்கிறேன். மிச்சத்தைக் கொட்டும்போது கோபம் வருகிறது. அந்தத் தாளில் நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் அது மெய்யாக இருக்க வேண்டுமானால் நீ வர வேண்டும்.

நான் 'வேண்டாம்' என்றுதான் போடுவேன். உனக்காக மாற்றிக்கொள்ள மாட்டேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜூடித்


பாரோ,
2 செப்டம்பர்

என் அன்பு ஜூடித்துக்கு,

அலுவலகத்திலிருந்து தாள் வந்துவிட்டது. நம் வீட்டு முகவரிக்கு மேலே என் பெயர். சின்னப் பையன் மாதிரி நாலு தடவை படித்தேன். தபாலில் ஓட்டுப் போடுகிறீர்களா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன். நேரில் வருவேன், நம் மண்டபத்தில், நம் ஊர் வரிசையில் நிற்பேன்.

மேஸ்திரி விடுப்புத் தர மாட்டேன் என்றார். அப்படியானால் வேலையே வேண்டாம் என்றேன். உடனே ஒரு வாரம் தந்தார். பதினேழாம் தேதி, புதன்கிழமைக் கப்பலில் வந்து இறங்குகிறேன். துறைக்கு வராதே, காற்று பிடுங்கும்.

நீ 'வேண்டாம்' போடு. போட்டுவிட்டு வா, வழி நெடுகச் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடப்போம்.

உன் டோர்மோட்


ஹாரிஸ் தீவு,
19 செப்டம்பர், வெள்ளி

டோர்மோட்,

புதன்கிழமை துறைக்குப் போனேன். வராதே என்றுதான் எழுதியிருந்தாய், என்னால் இருக்க முடியவில்லை. கப்பலிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். கிளாஸ்கோவில் படிக்கிற பிள்ளைகள், எண்ணெய்க் கிணற்று ஆட்கள், வருஷக்கணக்காக ஊர்ப் பக்கமே வராதவர்கள்கூட ஓட்டுக்காக வந்தார்கள். கடைசியில் தபால் வண்டி இறங்கியது. நீ இறங்கவில்லை.

நேற்றுக் காலைக் கப்பலில் வருவாய் என்று ஆட்டுக்கறி போட்டுக் குழம்பு வைத்தேன். மண்டபத்துக்கு எதிரே மதில் ஓரம் நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் "டோர்மோட் எங்க?" என்று கேட்டார்கள். "வந்துட்டிருக்காரு" என்றேன். மூன்று மணிக்குமேல் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் போனது அதைவிட மோசமாக இருந்தது. மாலையில் உள்ளே போய் 'வேண்டாம்' என்று போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலை ரேடியோவில் முடிவு சொன்னார்கள். உன் பக்கம் தோற்றுவிட்டது. என் பக்கம் ஜெயித்தது என்று சொல்ல வாய் வரவில்லை. பீகி வந்து சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து நானும் அழுதேன். அவள் நாட்டுக்காக அழுதாள். நான் எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

ஒரு போன் செய்திருக்கலாமே, டோர்மோட். எத்தனை கோபம் இருந்தாலும் ஒரு போன்.

திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்கு நான் போகிறேன். அவர் இங்கே வசிக்கவில்லை, நான் எழுதியது தப்பு என்று சொல்லிவிட்டு வருகிறேன். என் கையெழுத்தில் பொய் நிற்க வேண்டாம்.

ஜூடித்


ஊய்க் துறை,
18 செப்டம்பர், வியாழன்

என் ஜூடித்துக்கு,

இது உன் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். நான் இன்னும் நம் தீவுக்கு அக்கரையில்தான் இருக்கிறேன். துறைக்கு மேலே இருக்கும் விடுதியில், ஜன்னல் ஓரம். நேற்று மாலைக் கப்பல் போனதைப் பார்த்தேன். இன்று காலைக் கப்பல் போனதையும் பார்த்தேன். நீ துறைக்கு வந்து நின்றிருப்பாய், வராதே என்றால் கேட்பவளா நீ? அதை நினைக்க நினைக்க நெஞ்சு வேகிறது.

நேற்று பஸ்ஸில் நிறைய கூட்டம். கொடியும் பாட்டுமாக வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "அண்ணே, ஓட்டுக்காகவா ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டான். "பின்ன என்ன!" என்றேன். பட்டென்று வந்துவிட்டது. உன் பெயர் வாயில் வரவில்லை, வீடு என்றும் வரவில்லை. துறையில் இறங்கின பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. கப்பலின் ஏணிக்குக் கீழே பையோடு நின்றேன். ஆள் வந்து, "ஏறுறீங்களா இல்லையா?" என்று அதட்டினான். ஏறவில்லை.

ஏறியிருந்தால் ஓட்டுப் போட்டிருப்பேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன், நீ சோறு போட்டிருப்பாய். ஆனால் சாகும்வரை இவன் ஓட்டுக்காக வந்தானா, நமக்காக வந்தானா என்று உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது, அதுதான் பயம். மூன்று தடவை தொலைபேசியைக் கையில் எடுத்தேன். உன் குரல் கேட்டால் அடுத்த கப்பலில் ஏறிவிடுவேன் என்று வைத்துவிட்டேன். உன்னைக் காக்க வைத்தது பெரிய தப்பு. அதற்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னைத் திட்டு.

இப்போது மணி பத்து. வாக்குச்சாவடியை மூடியிருப்பார்கள். முப்பது வருஷம் காத்திருந்த ஓட்டைப் போடாமல் விட்டுவிட்டேன். வயிறு எரிகிறது ஜூடித், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். என் கூட்டாளிகளுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். நீயும் "முட்டாளே, நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் வீணா?" என்று கத்துவாய். கத்து. மண்டபத்தில் நான் சொன்ன சொல்லுக்கும் பாக்கி இருக்கிறது. அறுபது பேர் முன்னால் சொன்னதை அந்த அறுபது பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் எல்லோரும் நிற்பார்கள், அங்கே எடுக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமைக் கப்பலில் முன்னால் அனுப்புகிறேன். நேரில் சொன்னால் சொதப்பிவிடுவேன். யோசிக்க உனக்கும் ஒரு நாள் இருக்கட்டும். நான் சனிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். வேண்டாம் என்று தோன்றினால் கதவைப் பூட்டிவிடு. ஞாயிற்றுக்கிழமை கப்பல் கிடையாது, திங்கள் வரை பீகி வீட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விடுகிறேன்.

வாக்கெடுப்பெல்லாம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை கப்பலில் யாராவது, எதற்கு ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டால், சொல்ல என்னிடம் ஒரே ஒரு பதில்தான் மிச்சம் இருக்கிறது.

உன்,
டோர்மோட்