துரைக்கு ஆகாத புகை

என் மனசுக்குள் இன்னும் நடமாடும் நங்கையாவுக்கு,

நீங்கள் போய் வருசம் ஒன்றாகிறது. உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், சாமி படத்துக்குப் பக்கத்தில் உங்கள் படத்தை மாட்டியிருக்கிறார். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் கேட்கக்கூடிய சேதியைச் சொல்லிவிடுகிறேன். துரை இருக்கிறான். மூச்சும் இருக்கிறது, சளியும் இருக்கிறது.

பேத்தி சரசு இரண்டாம் வகுப்பு படிக்கையில் ஏற்காட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த முயல். அவள் இப்போது ஒன்பதாவது, வகுப்பிலேயே முதல் மார்க்கு. வெள்ளை முயலுக்கு நரை எங்கே தெரியும்? நடையில்தான் கிழம் தெரிகிறது.

அவனுக்கு மூக்கொழுகத் தொடங்கிய அந்த மார்கழி நினைவிருக்கிறதா? முன்னங்காலால் துடைத்துத் துடைத்து, கால் மயிரெல்லாம் பசை போல ஒட்டிக் கிடந்தது. முயல் வாயால் மூச்சு விடாது, மூக்கு அடைத்தால் தீனி எடுக்காது, வயசான உடம்பில் இந்தச் சளி முழுதாகப் போகாது, கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். எப்படி என்று நான் கேட்கவில்லை. ஆறு பிள்ளை வளர்த்தவளுக்குத் தெரியாதா என்ற திமிர்.

குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதுபோல அவனுக்கும் காட்டினேன். வெள்ளிக்கிழமை வீடு முழுக்கப் புகை போடும்போது அவன் கூடையையும் நடுவில் வைத்தேன். மறுநாள் முருங்கைக்கீரையைத் தொடவில்லை. விலா இரண்டும் துருத்தியாக ஏறி இறங்கின. புகை போதவில்லை என்று அடுத்த வாரம் இன்னும் ரெண்டு கங்கு சேர்த்தேன்.

உங்களுக்கும் மூச்சிழுப்பு உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் மாட்டுக்கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். சாமி கும்பிட வராத வீம்பு என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு மட்டும் உள்ளே வந்தீர்கள். கூடையைத் தூக்கி வாசலில் வைத்தீர்கள்.

"இந்தப் பொகை அதுக்கு ஆகாது அம்மிணி. எனக்கே நெஞ்சை அடைக்குது. அதுக்கு இத்துனூண்டு நெஞ்சு."

"உங்களுக்கு அடைக்குதுன்னு எப்பங்க சொன்னீங்க?"

"புருசன் போயி தம்பி ஊட்ல வந்து இருக்கறவ, ஊட்டுக்காரி போடற சாம்பிராணிய வேண்டாம்பாளா?"

பதினெட்டு வருசம் அந்தப் புகையைப் பொறுத்திருக்கிறீர்கள் நங்கையா. எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் என்று அப்போது நினைத்தேன்.

அதற்கப்புறம் சாம்பிராணி வீட்டுக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியோடு நின்றது. அவன் கூடையில் தூசி பறக்கும் கடலைக்கொடியை எடுத்துவிட்டு, துவைத்த சாக்கை விரித்தீர்கள். மூத்திர நெடி ஏறாமல் ரெண்டு வேளையும் மாற்றினோம். வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைக்க நீங்கள்தான் காட்டினீர்கள். மழை வருவது உங்கள் மூச்சுக்கு முன்னமே தெரியும். அதைப் பார்த்துத்தான் அவனை உள்ளே எடுப்போம். காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க துரை, நம்ம ரெண்டு பேருக்கும் இன்னிக்கு எப்படி?" என்று விசாரிப்பீர்கள். கடைசி ரெண்டு வருச வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ரெண்டு வருசம் கிடைத்ததே, அதற்கு உங்களுக்கும் துரைக்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்.

அவனுக்காக வாய் திறந்தீர்கள். உங்களுக்காக ஏன் திறக்கவில்லை? நானும் ஏன் கேட்கவில்லை?

போன வாரம் சின்ன மருமகளிடம் கேட்டேன், இந்த வீட்டில் உனக்கு ஆகாதது ஏதாவது உண்டா என்று. ஒன்றுமில்லை என்றாள். மறுபடியும் கேட்டேன், ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை குனிந்துகொண்டே, "கொள்ளு ரசம் வவுத்துக்கு ஒத்துக்கறதில்லீங்க அத்தை" என்றாள். எட்டு வருசமாக நான் ஊற்ற ஊற்றக் குடித்திருக்கிறாள்.

துரை இருக்கும்வரை அவன் மூக்கைத் துடைப்பேன். ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும், மூன்று தடவையாவது கேட்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
பாவாயி