வாசலில் தொங்கும் சித்தியின் முகம்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. அங்கே நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே எங்களுக்கு உடம்பில் குறையில்லை, மனசில்தான் கொதிப்பு. உன் சித்தி வேலை பார்க்கும் அழகுப்பொருள் கடையில் அவளைச் சேர்த்துவிட்டதே நீதான், அதனால் நீயும் கேட்டுக்கொள். மாதவிடாய் நின்றதிலிருந்து அவள் தோல் காய்ந்து, அரித்து, கன்னத்தில் கோடு விழுந்துவிட்டது. அந்தப் பூசணித் தலையன் மேனேஜர் கடையில் வேலை செய்யும் பெண்கள் எல்லார் முன்னாலும், "உங்க மூஞ்சியப் பாத்தா கிரீம் விக்காதுக்கா, பின்னாடி போய் அட்டைப்பெட்டி ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டான். ஆனால் வாசலில் 'எங்கள் கிரீம் பூசிய முகம்' என்று தொங்குவது உன் சித்தியின் பழைய போட்டோ! முகம் வேண்டுமாம், முகத்துக்காரி வேண்டாமாம்.

நான் சும்மா விடுவேனா? பெரிய டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். என் கேள்விகளைக் கேட்டு அவரே மிரண்டுபோனார். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்தால் தோல் மெலியுமாம், ஈரம் தங்காதாம், அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லையாம். ராத்திரி வியர்த்துக் கொட்டித் தூக்கம் கெட்டதால் ஹார்மோன் சிகிச்சை பற்றியும் பேசினார். "அதுல தோலும் கொஞ்சம் தேறலாம், ஆனா சுருக்கத்துக்காக மட்டும் குடுக்க மாட்டேன். ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுறது, மார்புல புத்துநோய்னு ஏதாவது வந்திருக்கானு பாத்துட்டுதான் குடுப்பேன்" என்றார். அப்படி எதுவும் இல்லாததால் மருந்து ஆரம்பித்தாயிற்று, அரிப்புக்கு வாசனையில்லாத களிம்பு. எனக்கும் ஒன்று தந்தால் வழுக்கை தேறுமா என்று கேட்டேன், கதவைக் காட்டினார்.

ஒரு மாதத்தில் வியர்வை அடங்கி, நன்றாகத் தூங்கி எழுந்ததும் சித்திக்கு வீரம் வந்துவிட்டது. நேற்று சாப்பாட்டு நேரத்தில் போய் அந்தப் போட்டோவுக்கு நேர் கீழே நின்றாள். திட்டம் என்னுடையது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நீ அவளிடம் விசாரிக்காதே. வந்த பெண்கள் மேலேயும் கீழேயும் பார்த்து, "அக்கா, அது நீங்களா?" என்றார்கள். "நானேதான். அன்னைக்கும் இதே கிரீம்தான், இன்னைக்கும் இதே கிரீம்தான். வயசு வந்து தோல் படுத்துனா டாக்டரப் பாருங்க, டப்பாவ நம்பாதீங்க" என்றாள். ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள், சரி, பத்துப் பேர். எடுத்த டப்பாவை எல்லாம் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்! பூசணித் தலையன் ஓடிவந்தான். அவனுக்கு வியர்த்த வியர்வைக்கு அவனுக்கே ஹார்மோன் கொடுக்க வேண்டும். "உள்ள வாங்கக்கா, பழைய இடமே உங்களுக்குத்தான்" என்று குழைந்தான். இவள், "எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க, வர்றேன்" என்றாள். அவன் திரும்பிக் கடைக்குள் போய்விட்டான்.

சமாதானம் பேச அவன் உனக்குத்தான் போன் செய்வான். இளகிவிடாதே மகளே. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிக்காதே, தோல் காயும். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும், உன்னைக் கரித்துக்கொட்டுகிறவன் வாய் அடைக்க வேண்டும். அந்தப் பூசணித் தலையன் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கும்வரை உன் சித்தி தினமும் வாசலில்தான் நிற்பாள். கால் வலிக்குமே என்று இன்று காலை நானே நாற்காலி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உனக்காக எவனையும் ஒரு கை பார்க்கும்
சித்தப்பா